அம்மாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறது, பல் டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். என்ன சொல்லிக் கூட்டிப்போவது?

ரயிலடி காட்பாடி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது, காட்பாடியில் தம்பியோடு இருக்கிறார், எனக்குச் சென்னையில் வேலை. சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அதை ஒழுங்காகப் போடுகிறார். பிரச்சினை வாயில்தான். பல் விளக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம், கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் நாற்றம் தெரிகிறது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் கல்யாண வீட்டில்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

டாக்டரிடம் போகலாம் என்றால் ஒரே பதில்தான். "வாணியம்பாடியில பல்லு காட்டப் போனவங்க என்ன ஆனாங்கன்னு தெரியாதா?" தெருவில் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி அந்தப் பயம் நன்றாக இறங்கிவிட்டது. அவர் சொல்வது பொய் இல்லை, நடந்த விஷயம், அதனால் சும்மா பயப்படாதே என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிளினிக் சுத்தமாக இருக்கிறதா என்று நம்மைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், வலியே இல்லாதபோது அவசரமாகக் கூட்டிப்போக வேண்டுமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா?


சத்துவாச்சாரி வாசி

வலி இல்லை என்றால் விட்டுவிடுங்கள் தோழி. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வேப்பங்குச்சியில் விளக்கச் சொல்லுங்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். என் ஆயா கடைசி வரைக்கும் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்றார், அவர் ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை.


கோட்டை அகழி

நான் பல் மருத்துவர், குடியாத்தம் பக்கம் அரசு மருத்துவமனையில் பணி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாணியம்பாடி. 2023இல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஏன் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்தார்கள், 2025 மே மாதம் அந்த விவரம் வெளியே வந்தது. மெலியோய்டோசிஸ் என்ற நோய். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது, இங்கே மூளையைத் தாக்கியிருக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாயைக் கழுவ வைத்திருந்த சலைன் பாட்டிலை, சரியாகக் கிருமி நீக்காத அறுவைக் கருவியால் திறந்திருக்கிறார்கள். மீதியை ஏனோதானோவென்று மூடி வைத்து அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு பாட்டில், ஒரு கருவி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை.

ஆகவே உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது, அவரிடம் அதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். ஆனால் அந்தப் பயத்தை வைத்து வீட்டிலேயே உட்காருவதைவிட, நாலு கேள்வியாக மாற்றிக்கொண்டு கிளினிக்குக்குள் போகலாம். கருவிகள் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தவையா என்று கேளுங்கள். ஆட்டோகிளேவ் என்பது அழுத்த நீராவியில் 121 டிகிரி சூட்டில் குறைந்தது 15 நிமிடம் கருவிகளை வைக்கிற இயந்திரம். வெறும் வெந்நீரில் கொதிக்க வைப்பதும் ஸ்பிரிட்டில் துடைப்பதும் இதற்கு ஈடாகாது. ஆட்டோகிளேவில் போன கருவி ஒட்டிய கவரில் இருக்கும், அந்தக் கவரில் ஒரு பட்டை நிறம் மாறியிருக்கும். உங்கள் கண் முன்னால் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். கையுறை உங்களுக்காகப் புதிதாகப் போட்டதா என்று பாருங்கள், போன் பேசிவிட்டு அதே கையுறையோடு வந்தால் மாற்றச் சொல்லுங்கள். பல் எடுப்பது மாதிரி ரத்தம் வரும் வேலை என்றால் சலைன் புதுப் பாட்டிலா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. பல் டாக்டர் என்று போர்டு போட்டவர் எல்லோரும் பல் டாக்டர் இல்லை. சட்டப்படி மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் இந்தத் தொழில் செய்யலாம். பதிவு எண்ணைச் சுவரில் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

வலி இல்லையே, பொறுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சர்க்கரை, ஈறில் ரத்தம், ஆடும் பல், நாற்றம் நான்கும் சேர்ந்து இருந்தால் அது ஈறு நோய் முற்றிய நிலை. ஈறு நோய் வலிக்காது, அதுதான் அதன் கெட்ட குணம். வலி வரும்போது பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து போயிருக்கும்.


ஆம்பூர் பாய்

டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. நாங்கள் பக்கத்து ஊர், வாணியம்பாடியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அந்தச் செய்தி வந்த சமயம் எங்கள் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். அதற்குப் பிறகு பல்வலி வந்தால்கூட ஜனங்கள் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு லைனில் நின்று வேலை பார்க்கிறார்கள். கன்னம் வீங்கி, கண் பாதி மூடிய நிலையில் ஒரு பையன் வந்தான், தம்பி ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் போக மாட்டேன் என்கிறான். இறந்தவர்களை நினைத்தால் எவ்வளவு வருத்தமோ, அந்தப் பயத்தால் இப்படிக் கெட்டுப்போகிறவர்களை நினைத்தாலும் அதே வருத்தம்.

தங்கச்சி, உங்க அம்மாவிடம் ஒரு டாக்டர் பெயரைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே காட்டிவிட்டு நன்றாக இருக்கிற, அவர் நம்புகிற ஒரு பெண்மணியை வீட்டுக்குக் கூட்டி வந்து பேச வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. என் மாமியார் டாக்டர் பேச்சைவிடப் பக்கத்து வீட்டுப் பேச்சைத்தான் கேட்பார்.

டாக்டருக்கு ஒரு கேள்வி. நாங்கள் மிஸ்வாக் குச்சி பயன்படுத்துகிறோம், நோன்பு நேரத்தில் முக்கியமாக. அது போதுமா?


கோட்டை அகழி

மிஸ்வாக் நல்ல பழக்கம் பாய், விட வேண்டாம். குச்சியின் நுனி நாராகப் பிரிந்து பல்லின் மேல்பரப்பில் இருக்கும் அழுக்கை நன்றாக எடுக்கும், அதன் சாறுக்குக் கிருமியைக் குறைக்கும் தன்மையும் உண்டு. வேப்பங்குச்சிக்கும் இதே பதில்தான், சத்துவாச்சாரி அண்ணா. குறை இரண்டு. பல்லின் உள்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் குச்சி சரியாகப் போகாது. சொத்தையைத் தடுக்கிற ஃப்ளூரைடு பேஸ்ட்டில் இருப்பது மாதிரிக் குச்சியில் கிடையாது. அதனால் சஹர் முடித்ததும் ஒரு முறை, இரவில் படுக்கும் முன் ஒரு முறை பேஸ்ட் போட்டு பிரஷ், நடுவில் மிஸ்வாக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூங்கும்போது எச்சில் ஊறுவது ரொம்பக் குறைந்துவிடும், வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிற எச்சில் இல்லாத அந்த ஆறேழு மணி நேரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் காலையில் பல் விளக்காமல் காபிகூடக் குடிக்க மாட்டோம், இரவில் மட்டும் மக்கன் பேடாவைத் தின்றுவிட்டு அப்படியே படுப்போம். ஒரு வேளைதான் முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும்.


ரயிலடி காட்பாடி

மிக்க நன்றி டாக்டர், நன்றி அண்ணா. அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். பாட்டில் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அடுத்த காரணம் வந்தது. பல் சுத்தம் செய்தால் பல்லெல்லாம் ஆட ஆரம்பிக்குமாம், எதிர்வீட்டு அத்தைக்கு அப்படி ஆனதாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமாம். இதற்கு என்ன சொல்வது?


கோட்டை அகழி

இந்த இரண்டையும் கேட்காத நாளே கிடையாது.

சுத்தம் செய்வதைப் பற்றி. பல்லில் படியும் மெல்லிய அழுக்கை அன்றன்றைக்கு எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கெட்டியாகிவிடும், அதைத்தான் காரை என்கிறோம். நம் ஊர் போர் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியுமே, தேய்த்தாலும் போகாதே, அதே மாதிரி. பிரஷ் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் வராது, இன்னும் அழுத்தித் தேய்த்தால் பல்தான் தேயும். இந்தக் காரை ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, ஈறு வீங்கி ரத்தம் வந்து, அடியில் எலும்பு கரைகிறது. அந்த நிலையில் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் இரண்டு பல்லுக்கு நடுவே காரை அடைத்துக்கொண்டு நிற்பதால் ஆட்டம் தெரியாது. காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, பல்லிடுக்கில் சந்து தெரிகிறது, கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். எதிர்வீட்டு அத்தை பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆட வைத்தது காரை, பழி விழுவது சுத்தம் செய்தவர் மேல். வீக்கம் வடிந்து ஈறு இறுகினால் லேசாக ஆடிய பற்கள் ஓரளவு நிலைத்துவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ரொம்ப ஆடுகிற பல்லுக்கு அந்த வாக்குறுதி தர மாட்டேன்.

கண் விஷயம். மேல் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல் பல் எடுத்தால் பார்வை போகும் என்பது உண்மை இல்லை. இந்தக் கதை எப்படி வந்தது என்றால், முன்பெல்லாம் வயதான பிறகுதான் பல் எடுக்க வருவார்கள், அதே வயதில்தான் கண்ணில் புரை விழும், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பார்க்கப்போனால், மேல் கடைவாயில் சீழ் பிடித்ததை எடுக்காமல் விட்டால்தான் அந்த வீக்கம் கண்ணைச் சுற்றிப் பரவும். ஆம்பூர் பாய் சொன்ன பையனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு முக்கியமான விஷயம் சர்க்கரை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் எந்நேரமும் அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராது. இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கும். ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 0.4 சதவீதப் புள்ளி குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சின்ன எண்ணாகத் தெரியலாம், மாத்திரையைக் கூட்டாமல் கிடைப்பது என்று பாருங்கள்.


ஆற்காடு மெடிக்கல்

மருந்துக்கடையில் நிற்கிறவன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். தினமும் மாலையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். "பல்லு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க", அதோடு "போன தடவை குடுத்தீங்களே அந்த கேப்சூல்". ஆன்டிபயாட்டிக்கைத்தான் கேட்கிறார்கள். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். வலி அடங்கியதும் மறந்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து இன்னும் பெரிய வீக்கத்தோடு வருவார்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறிலேயே வைத்து, அங்கே சதை வெந்து வெள்ளையாகிப் போய் வந்தவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மாத்திரை வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்யும், வாயில் வைத்தால் அது அமிலம்.

கிராம்பு எண்ணெய் வலியைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், உண்மை. உள்ளே இருக்கும் சொத்தையை அது ஒன்றும் செய்யாது.


கோட்டை அகழி

கைகூப்பி நன்றி சார். ஆன்டிபயாட்டிக் ஏன் பல்லைக் குணப்படுத்தாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. மருந்து ரத்தத்தில்தான் போகும். பல்லின் நடுவில் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துவிட்ட பிறகு மருந்து உள்ளே போக வழியே இல்லை. சுற்றியுள்ள வீக்கம் வடியும், கிருமி பல்லுக்குள் பத்திரமாக இருக்கும். ரூட் கேனால் செய்து உள்ளே சுத்தப்படுத்த வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது.

இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் கிளினிக் தேட வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, இரவாக இருந்தாலும். அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.


சத்துவாச்சாரி வாசி

நீங்கள் அரசு டாக்டர், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் வெளியே நடப்பது வேறு. சுத்தம் செய்யப் போனால் மூன்று பல்லில் சொத்தை என்கிறார்கள், அடைக்கப் போனால் ரூட் கேனால் என்கிறார்கள், அது முடிந்தால் கேப் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆயிரக்கணக்கில். கூலிக்காரன் எங்கே போவான்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை வா என்பதே ஆள் பிடிக்கத்தான் என்று தோன்றுகிறது.


வாலாஜா மருமகள்

அண்ணா, அந்தக் கோபம் புரிகிறது, பணம் பிடுங்குகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆனால் சொத்தை சின்னதாக இருக்கும்போது அடைத்தால் சில நூறில் முடிகிறது, அது நரம்பைத் தொட்ட பிறகுதான் ஆயிரக்கணக்கு. செலவுக்குப் பயந்து போகாமல் இருப்பதுதான் பெரிய செலவில் கொண்டுபோய் விடுகிறது. எனக்கு மாசமாக இருந்தபோது ஈறு பஞ்சு மாதிரி வீங்கி ரத்தம் வந்தது, இந்த நேரத்தில் பல் டாக்டரிடம் போகவே கூடாது என்று வீட்டில் எல்லோரும் ஒரே பிடி. மகப்பேறு டாக்டர்தான், போங்கள், நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நல்ல நேரம், மாசமாக இருப்பதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று அனுப்பினார். சுத்தம் செய்த பிறகு ரத்தம் நின்றது.


கோட்டை அகழி

சத்துவாச்சாரி அண்ணா, நேராகக் கேட்டதற்கு நன்றி, நேராகவே சொல்கிறேன். எல்லோருக்கும் ஆறு மாதம் என்பது வழக்கம்தான், அறிவியல் கணக்கு இல்லை. இங்கிலாந்தில் 2004இல் வந்த அரசு வழிகாட்டுதல் ஆளைப் பார்த்து மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை இடைவெளி வைக்கச் சொல்கிறது. சர்க்கரை, புகையிலை, ஏற்கெனவே ஈறு நோய் என்றால் அடிக்கடி வர வேண்டும். சொத்தையே இல்லாத, ஈறு நன்றாக இருக்கிற 30 வயது ஆளுக்கு வருடம் ஒரு முறை போதும். உங்கள் டாக்டரிடம் "எனக்கு எவ்வளவு நாள் இடைவெளி, ஏன்" என்று கேளுங்கள், அவர் உங்கள் வாயைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

ரூட் கேனால் என்று சொன்னால் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். சொத்தை நரம்பைத் தொட்டிருப்பது படத்தில் பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். காசு கஷ்டம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் பல் டாக்டர் உண்டு. ஓ.பி. சீட்டு போட்டுக் காலையிலேயே வந்துவிட வேண்டும், கூட்டம் இருக்கும். பல் எடுப்பதும் சுத்தம் செய்வதும் அங்கே காசில்லாமல் நடக்கும். எல்லா ஊரிலும் எல்லா வசதியும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ரூட் கேனாலுக்கு அலைய வேண்டி வரலாம். தாலுகா அளவில் அதற்கு ஆளும் பொருளும் கேட்டு நாம் எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும், அது பாக்கி இருக்கிற வேலை.


கவுண்டன்யா

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள், என் அத்தையும் சுற்றுகிறார். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. வாயில் புகையிலை அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, தூக்கம் வராது, ஆயிரம் பீடி முடிக்கலாம் என்பார்கள். சிலர் புகையிலைப் பொடியிலேயே பல் விளக்குவார்கள், பல்வலி வராது என்று.

அத்தைக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. வலி இல்லை. காரம் பட்டால் எரிகிறது, குழம்பு ஊற்றிச் சாப்பிட முடியவில்லை, தயிர்ச்சோறுதான். இது பல் டாக்டரிடம் காட்ட வேண்டியதா, வேறு டாக்டரா? வீட்டில் யாரும் இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை.


கோட்டை அகழி

தங்கச்சி, பல் டாக்டரிடம்தான். இந்த வாரமே. மற்ற வேலைகள் எதுவாக இருந்தாலும் தள்ளிப் போடுங்கள்.

வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோய் இல்லை, அதை முதலில் அத்தையிடம் சொல்லுங்கள், பயந்துபோய் வராமல் இருந்துவிடுவார். ஆனால் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், கன்னத்தில் கெட்டியாகத் தட்டுப்படுவது, காரணம் இல்லாமல் ஆடும் பல், இவற்றில் சில பின்னாளில் புற்றாக மாறக்கூடியவை. இந்தக் கட்டத்தில் புகையிலையை விட்டாலே சில திட்டுகள் மறைந்துவிடும், மீதியை ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கலாம். முற்றிப் புண்ணாகி, கழுத்தில் கட்டி வந்த பிறகு தாடையையே எடுக்க வேண்டி வருகிறது. அப்படி வருகிற பெண்கள் இன்னும் என்னிடம் வந்துகொண்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் சொல்வது "வலிக்கலையே டாக்டர்" என்பதைத்தான்.

காரம் எரிகிறது என்றீர்கள். அத்தை வாயை எவ்வளவு திறக்கிறார் என்று பாருங்கள். அவருடைய மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் கன்னத்துச் சதை நாராக இறுகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது, இருந்தும் ஹான்ஸ் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிகிறது. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆறு மாதம், வருடம் என்று வரச் சொல்கிறோமே, அதில் பாதிக் காரணம் இதுதான். பல்லை மட்டும் பார்க்கிறோம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்க்கிறோம், கன்னத்தை இழுத்துப் பார்க்கிறோம், கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறோம். கண்ணாடியில் அத்தையால் அதைப் பார்த்துக்கொள்ள முடியாது.

நீங்கள் குடியாத்தம் என்பதால் தனிச்செய்தியில் எழுதுங்கள், நான் ஓ.பி.யில் இருக்கும் நாளைச் சொல்கிறேன்.


கவுண்டன்யா

எழுதிவிட்டேன் டாக்டர். இரண்டு விரல்தான் போகிறது.


ரயிலடி காட்பாடி

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அத்தைக்கு ஒன்றும் ஆகாது தங்கச்சி, கட்டாயம் கூட்டிப்போங்கள், என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள்.

ஆம்பூர் அண்ணா சொன்னபடியே பக்கத்துத் தெரு சத்துணவு அக்காவைப் பேச வைத்தோம், அம்மா சம்மதித்துவிட்டார். அடுக்கம்பாறைக்குத் தம்பி கூட்டிப்போகிறான். ஒரு சந்தேகம். ரத்தம் உறையாமல் இருக்க அம்மா ஆஸ்பிரின் மாத்திரை போடுகிறார். பல் எடுக்க வேண்டி வந்தால் முன்னாடியே அதை நிறுத்த வேண்டும் என்கிறாள் சித்தி.


கோட்டை அகழி

நிறுத்தாதீர்கள். இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பல் எடுத்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் கூட வரும், பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டு நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தி இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அதை அப்படி நிறுத்த முடியாது. எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். இதய வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் யாராவது இதைப் படித்தால், பல் எடுக்கும் முன்னாலும் சுத்தம் செய்யும் முன்னாலும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் தர வேண்டி இருக்கும்.

அப்புறம் அம்மா வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையும் போட்டுவிட்டுக் காலையில் போகட்டும். பயத்தில் சாப்பிடாமல் வந்து நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்குகிறவர்கள் நிறைய.


நாட்றம்பள்ளி வாத்தியார்

பெரியவர்கள் பேச்சாகவே போகிறது, பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள் டாக்டர். எங்கள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கடைவாய் கறுத்திருக்கிறது. பெற்றோரிடம் சொன்னால் "பால் பல்லுதான் சார், விழுந்து முளைக்கும்" என்கிறார்கள். இன்னொரு கவலை, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண்பிள்ளைக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. பல் விளக்காதவள் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், அவள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.


கோட்டை அகழி

சார், அந்தப் பெண்பிள்ளைக்கு வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், அது விளக்காததால் வந்த கறை இல்லை, குடித்த தண்ணீரால் வந்தது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் இருந்தால், ஈறுக்குள் பல் உருவாகும் எட்டு வயதுக்குள் அது பல்லில் ஏறிவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. தண்ணீரோ காவிரித் தண்ணீரோ குடிக்கக் கொடுக்கட்டும். வளர்ந்த பிறகு அந்தக் கறையை வெளுக்க வைக்கவும் மறைக்கவும் வழி உண்டு, அவளிடம் அதையும் சொல்லுங்கள்.

இனி கடைவாய். ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய பல் முளைக்கும். ஒன்றும் விழாததால் அதுவும் பால் பல் என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். அது நிலைப்பல், சாகும் வரை அந்த இடத்துக்கு வேறு பல் வராது. ஒன்றாம் வகுப்பில் நீங்கள் பார்க்கிற கறுத்த கடைவாயில் சில இந்தப் பல்லாக இருக்கும். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் கடைசியில் இருப்பது அதுதான். இன்னொன்று, பால் பல்லாகவே இருந்தாலும் பின்பக்கத்துப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை, முன்னாலேயே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, வரப்போகிற பல்லுக்கு இடம் இருக்காது.

விளையாட்டில் விழுந்து நிலைப்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்து, தேய்க்காமல், ஒரு டம்ளர் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் பிள்ளையோடு கொண்டுபோங்கள், திரும்ப வைத்துக் கட்ட முடியும். எதிர் டீக்கடையில் பால் இருக்கும்.


வாலாஜா மருமகள்

டாக்டர், என் பையனுக்கு ஏழு வயது. நீங்கள் சொன்னதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் பெரிய பல் இருக்கிறது, மேலே பள்ளத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. வலி இல்லை என்கிறான். சொத்தையா?


கோட்டை அகழி

படம் இல்லாமல் சொல்ல முடியாது அம்மா, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பல்லின் மேல்பரப்பில் பள்ளங்கள் ஆழமானவை, கறை மட்டும் தங்கியிருக்கலாம், சொத்தை தொடங்கியும் இருக்கலாம். டாக்டர் காய வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சொத்தை இல்லையென்றால் பள்ளத்தைப் பூசி மூடுகிற சீலன்ட் போடுவார், ஊசி கிடையாது, டிரில் கிடையாது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பையனின் முதல் பல் டாக்டர் அனுபவம் வலியில்லாத இந்த வேலையாக இருந்தால் பின்னால் பயப்பட மாட்டான். மற்ற மூன்று பக்கமும் அதே பல் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாலையும் சேர்த்துக் காட்டுங்கள். பட்டாணி அளவு பேஸ்ட், ஃப்ளூரைடு 1000 பிபிஎம் என்று டியூபில் போட்டிருக்கிறதா பாருங்கள், இரவில் நீங்களே விளக்கி விடுங்கள், துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.


வாலாஜா மருமகள்

சனிக்கிழமை பள்ளி இல்லை, அன்றைக்கே கூட்டிப்போகிறேன். கவர் பிரிப்பதையும் பார்க்கிறேன் டாக்டர்.